பீப்பாயைத் திறந்து பார்த்தவர் யார்?

(மருத்துவமனை மருந்தாளுநர்களும் கொள்முதல், கிடங்கு அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கொள்முதல் என்றதும் நம் பேச்செல்லாம் டெண்டரைச் சுற்றியே போகிறது. யார் குறைந்த விலை கேட்டார், எந்த உறையில் எந்த ஆவணம் விடுபட்டது, யார் வழக்குப் போட்டார் என்று மாதக்கணக்கில் பேசுகிறோம். வாங்கிய சரக்கு லாரியில் வந்து கிடங்கு வாசலில் இறங்குகிறதே, அந்த அரை மணி நேரத்தைப் பற்றிப் பேசுவாரில்லை. பெட்டிகளை எண்ணுவார்கள், சலானில் கையெழுத்து விழும், முத்திரை விழும், லாரி கிளம்பிவிடும். நான் பேச வந்தது அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான். வந்த பொருளைச் சோதிக்காமல் வாங்கி வைத்ததால் நோயாளிகள் செத்திருக்கிறார்கள். பல நாடுகளில், பல பத்தாண்டுகளாக, ஏறத்தாழ ஒரே விதமாகச் செத்திருக்கிறார்கள்.

பனாமாவிலிருந்து தொடங்குகிறேன். அந்த நாட்டின் சமூகக் காப்பீட்டு நிறுவனம் தன் உறுப்பினர்களுக்காகச் சொந்த ஆய்வகத்தில் சர்க்கரை சேர்க்காத இருமல் மருந்து தயாரித்து வந்தது. அதற்கான கிளிசரின் 46 பீப்பாய்களில் சீனாவிலிருந்து வந்தது. நேராக வரவில்லை. தொழிற்சாலையிடமிருந்து பெய்ஜிங்கில் உள்ள ஓர் ஏற்றுமதி நிறுவனம் வாங்கியது. அதனிடம் பார்சிலோனாவில் ஒரு வணிக நிறுவனம் வாங்கியது. அதனிடம் பனாமா முகவர் வாங்கினார். கை மாறும்போது சரக்கோடு வந்த பகுப்பாய்வுச் சான்றும் மாற்றி எழுதப்பட்டது. முன்பு வைத்திருந்தவரின் பெயரும் தயாரித்தவரின் பெயரும் அதிலிருந்து மறைந்தன. தூய்மை 99.5 சதவீதம் என்ற எண் மட்டும் அப்படியே இருந்தது. மூன்று நிறுவனங்களில் ஒன்றுகூடப் பீப்பாயைத் திறந்து சோதிக்கவில்லை. கடைசியில் அதை மருந்தாகக் கலக்கப்போகிற அரசு ஆய்வகமும் சோதிக்கவில்லை. உள்ளே இருந்தது டைஎத்திலீன் கிளைகால் கலந்த திரவம். அதிலிருந்து சுமார் 2,60,000 புட்டி மருந்து தயாரானது.

2006-இல் பனாமா நகர மருத்துவமனைகளுக்குச் சிறுநீர் நின்றுபோன நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், இரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயும் உள்ளவர்கள். முதலில் சந்தேகம் விழுந்தது அவர்களில் பலர் சாப்பிட்டு வந்த லிசினோப்ரில் என்ற இரத்தக் கொதிப்பு மாத்திரை மீது. அந்த மாத்திரையின் பக்கவிளைவுகளில் ஒன்று வறட்டு இருமல். இருமலுக்காக அவர்கள் அரசு தந்த மருந்தைக் குடித்திருக்கிறார்கள். அந்தத் தொடர்பு பிடிபட்டு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வகம் நஞ்சைக் கண்டறிவதற்குள் பலர் இறந்துவிட்டனர். இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். அவர்கள் நம்பிக் குடித்தது கள்ளச் சந்தை மருந்தை அன்று. தங்கள் அரசு கொள்முதல் செய்து, தங்கள் அரசு கலந்து கொடுத்த மருந்தை.

இந்த நஞ்சைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். டைஎத்திலீன் கிளைகால் நிறமற்றது, கொழகொழப்பானது, இனிப்பானது. பார்வைக்கும் தொடுகைக்கும் நாவுக்கும் அது கிளிசரின்தான். விலை மட்டும் குறைவு. அதனால்தான் அது கிளிசரின் பீப்பாய்க்குள்ளும் புரொப்பிலீன் கிளைகால் டிரம்முக்குள்ளும் திரும்பத் திரும்ப நுழைகிறது. மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து வாங்குகிறோம். நம் கண்ணும் விரலுமே அங்கே ஆய்வகம். மருந்து மூலப்பொருளில் அந்தப் புலன்கள் எதுவும் நமக்கு உதவாது.

கருவிகள் உதவும். கிளிசரினின் ஒப்படர்த்தி சுமார் 1.26, டைஎத்திலீன் கிளைகாலுடையது சுமார் 1.12. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று முழுதாக வந்திருந்தால் ஓர் அடர்த்திமானியே காட்டிக்கொடுத்துவிடும். கல்லூரி ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர் செய்கிற சோதனை அது. சிறிதளவு கலந்திருந்தால் அது போதாது. கேஸ் குரோமட்டோகிராபி வேண்டும். அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 0.1 சதவீதம். பனாமாவுக்குப் பிறகு, 2007 மே மாதம், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தன் நாட்டு உற்பத்தியாளர்களுக்கு இதைத்தான் சொன்னது: சான்றை நம்பாதீர்கள், வந்த கிளிசரின் சரக்கை நீங்களே இந்த நஞ்சுக்காகச் சோதியுங்கள்.

2007-இல் சொல்ல வேண்டி வந்ததே ஒரு வேதனை. ஏனென்றால் இந்தப் பாடத்தை உலகம் 1937-லேயே கற்றிருக்க வேண்டும். அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தைத் திரவமாக்க டைஎத்திலீன் கிளைகாலைக் கரைப்பானாக ஒரு நிறுவனம் பயன்படுத்தியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டே அங்கு புதிய மருந்துச் சட்டம் வந்தது. 1972-73-இல் நம் சென்னையிலேயே இதே நஞ்சு கலந்த மருந்தால் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 1995-96-இல் ஹைட்டியில் காய்ச்சல் மருந்து குடித்த 80-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அங்கும் கிளிசரின் பல நாட்டு வணிகர்களின் கை மாறி வந்ததுதான். அதற்கும் தூய்மைச் சான்று இருந்தது.

இந்த வரிசையில் நமக்கு மிக நெருக்கமானது பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் நடந்தது. 1986 ஜனவரி, பிப்ரவரி மாதங்கள். மூளையிலும் கண்ணிலும் ஏறும் அழுத்தத்தைக் குறைக்க நோயாளிகளுக்குக் கிளிசரின் குடிக்கக் கொடுப்பது அன்றைய வழக்கம். அப்படிக் குடித்தவர்களில் 14 பேர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். கொடுக்கப்பட்டது தொழிற்சாலைகளுக்கான கிளிசரின், அதில் 18.5 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால். விசாரிக்க நீதிபதி லெண்டின் தலைமையில் ஆணையம் அமைந்தது. மருத்துவமனையின் கொள்முதல் முறை, மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், அரசியல் தலையீடு எதையும் அந்த ஆணையம் விட்டுவைக்கவில்லை. மருந்து வாங்கும் வேலையில் இருக்கும் எவரும் அந்த அறிக்கையைப் படிக்காமல் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது என் கருத்து. அந்தக் கிளிசரின் திருட்டுத்தனமாக மருத்துவமனைக்குள் வரவில்லை. மருத்துவமனையின் கொள்முதல் வழியாகவே வந்தது. கோப்புகளையெல்லாம் தாண்டி நஞ்சு வார்டு வரை போய்ச் சேர்ந்தது.

கோப்பைச் சரிபார்ப்பதும் பொருளைச் சரிபார்ப்பதும் இரண்டு வேலைகள். நம் அலுவலகங்கள் முதல் வேலைக்கு ஆள் வைத்திருக்கின்றன, தணிக்கை வைத்திருக்கின்றன, தண்டனையும் வைத்திருக்கின்றன. ஒரு முத்திரை விடுபட்டால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வருகிறது. டிரம்மைத் திறந்து பார்க்காததற்காக விளக்கம் கேட்கப்பட்டவர் எத்தனை பேர்?

சரி, மாதிரி எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை எடுப்பது? மருந்துத் துறையில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருக்கிறது: வந்த கலன்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் கண்டு அதோடு ஒன்றைக் கூட்டு. 46 பீப்பாய்க்கு அது 8 பீப்பாய். எல்லாப் பீப்பாயிலும் நஞ்சு இருந்தால் எட்டு எதற்கு, ஒன்றே போதும். ஆனால் 46-இல் ஒரே ஒரு பீப்பாய் மட்டும் கெட்டது என்றால்? நாம் எடுக்கும் எட்டில் அது இருக்க வாய்ப்பு 46-க்கு 8, அதாவது சுமார் 17 சதவீதம். ஆறில் ஐந்து முறை அது நம் கையில் சிக்காமல் போய்விடும். இந்தக் கணக்கை ஒரு முறை தாளில் போட்டுப் பார்த்தவர்கள் அந்தச் சூத்திரத்தை முன்பு போல நம்ப மாட்டார்கள். இதனால்தான் மூலப்பொருளைப் பொறுத்தவரை ஒவ்வொரு கலனும் அதே பொருள்தானா என்று தனித்தனியே அடையாளம் காண வேண்டும் என்கிறார்கள். தூய்மை, வீரியம் போன்ற முழுச் சோதனைகளுக்கு மாதிரி எடுக்கலாம். ‘இது கிளிசரின்தானா?’ என்ற கேள்வியை மட்டும் 46 பீப்பாயிடமும் கேட்டாக வேண்டும்.

தயாரான மருந்து வருகிற மருத்துவமனைக் கிடங்கில் இதெல்லாம் நடக்காது என்பது எனக்குத் தெரியும். அங்கே குரோமட்டோகிராபி கருவி இல்லை. ஒரு மருந்தாளுநர், ஓர் உதவியாளர், வெளியே சீட்டுடன் நிற்கும் நோயாளிகள். அங்கும் செய்யக் கூடியவை இருக்கின்றன. பேட்ச் எண் வெளிப்பெட்டியிலும் உள் அட்டையிலும் ஒன்றாக இருக்கிறதா, தயாரிப்புத் தேதி அழித்து எழுதப்பட்டிருக்கிறதா, ஊசி மருந்தில் துகள் மிதக்கிறதா, காலாவதிக்கு எவ்வளவு காலம் மீதியிருக்கிறது, குளிரில் வர வேண்டியது குளிரில் வந்ததா என்று பார்க்கலாம். தடுப்பூசிக் குப்பிகளில் 1996 முதல் வந்த அந்தச் சிறு அடையாளத்தை எண்ணிப் பாருங்கள்: ஒரு வட்டத்துக்குள் வெளிறிய சதுரம். வெப்பம் பட்டுப்பட்டு அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை அது எட்டிவிட்டால் அந்தக் குப்பியிலிருந்து தடுப்பூசி போடக் கூடாது. எங்கோ ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர், சான்றும் தொலைபேசியும் இல்லாமல், அந்தக் குப்பி கடந்து வந்த வழியெல்லாம் எப்படி இருந்தது என்று கண்ணால் படித்துவிடுகிறார். ஆய்வு செய்யும் அதிகாரத்தைக் கடைசிக் கை வரை கொண்டுபோன இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி நம் மாநிலம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் பதிவாகி, 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் ஒரே இடத்தில் மருந்து வாங்குவது, மாவட்டந்தோறும் கிடங்கு, மருத்துவமனைக்கு ஒரு கணக்குப் புத்தகம், கணினியில் இருப்பு விவரம் என்று அதன் பெருமைகளைப் பலர் எழுதிவிட்டார்கள். கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. விலை குறைந்ததைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அதன் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. வந்த மருந்து உடனே வழங்கலுக்குப் போகாது. தனியாக ஒதுக்கி வைக்கப்படும். பல கிடங்குகளிலிருந்து ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மாதிரி எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, தயாரித்தவரின் பெயரை மறைத்து, ஒரு குறியீட்டு எண் மட்டும் இட்டு, பட்டியலில் உள்ள ஏதாவதொரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் கிடங்கிலிருந்து வெளியே போகும். தேறாவிட்டால் மறு ஆய்வு, திருப்பி அனுப்புதல், நிறுவனத்தின் மீது நடவடிக்கை.

இதில் பெயரை மறைப்பது என்ற ஒன்றை மட்டும் சற்று நின்று பாருங்கள். சோதிப்பவருக்கு அது யார் மருந்து என்று தெரியாது. பெரிய நிறுவனமா, நேற்று தொடங்கிய நிறுவனமா, அமைச்சருக்கு வேண்டியவருடையதா என்று தெரியாது. மருந்து கொடுத்த நிறுவனத்துக்கு எந்த ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது என்று தெரியாது. சிபாரிசு செய்ய நினைப்பவர் யாரிடம் போய் நிற்பார்? நேர்மையான ஆட்களைத் தேடிக்கொண்டிராமல், சாதாரண ஆட்களும் நேர்மையாக இருக்கும்படி வேலையை அமைத்திருக்கிறார்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பது, பள்ளிக்குச் சீருடைத் துணி வாங்குவது, சாலைக்குத் தார் வாங்குவது என அரசு பொருள் வாங்கும் மற்றப் பல இடங்களில் வந்த சரக்கின் மாதிரி, கொடுத்தவரின் பெயரோடுதானே சோதிப்பவர் முன் கிடக்கிறது? முப்பது ஆண்டுகளாக நம் கண்முன் இருக்கும் முறை மற்றத் துறைகளுக்கு ஏன் பரவவில்லை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

எந்தச் சோதனையும் என்றைக்கும் போதுமானதாக இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏமாற்றுகிறவர் நம் சோதனையைப் படித்துவிட்டுத்தான் வருவார். 2008-இல் சீனாவில் நடந்தது அதுதான். அங்கே பால் கொள்முதல் நிலையங்களில் புரதத்தை நேரடியாக அளக்கவில்லை. நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்கிட்டார்கள். 1883-இல் கெல்டால் என்ற டேனிஷ் வேதியியலர் வகுத்த முறை அது. தண்ணீர் ஊற்றிய பாலில் மெலமைன் தூளைப் போட்டார்கள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். அளவுகோலில் புரதம் சரியாகக் காட்டியது, பால் தேறியது. அந்தப் பால்மாவைக் குடித்து ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அங்கே சோதனை நடந்தது, பதிவேட்டிலும் ஏறியது; கேட்ட கேள்விதான் ஏமாற்றுக்காரருக்கு முன்கூட்டியே தெரிந்த கேள்வியாக இருந்தது. ஆகவே ஆய்வு முறையை அவ்வப்போது மாற்ற வேண்டும், அறிவிக்காமல் கூடுதல் சோதனை செய்ய வேண்டும், மருத்துவமனை அலமாரியிலிருந்தும் திடீரென்று மாதிரி எடுக்க வேண்டும்.

தரம் என்பது உற்பத்தியில் வர வேண்டும், வாசலில் நின்று சோதிப்பதால் வந்துவிடாது என்று தர மேலாண்மை படித்தவர்கள் சொல்வார்கள். டெமிங் போன்ற பெரியவர்கள் சொன்னதுதான். உற்பத்தியாளருக்கு அது முற்றிலும் உண்மை. ஆனால் அதைக் கொள்முதல் செய்பவர் தனக்குச் சொல்லிக்கொள்ளக் கூடாது. தொழிற்சாலை அவர் கையில் இல்லை. கடலுக்கு அப்பால் யார் எதைக் கலந்தார் என்பது அவருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது வந்திறங்கிய பொருளும், அதை ஏற்கவோ மறுக்கவோ உள்ள உரிமையும் மட்டுமே. அந்த உரிமையை அவர் பயன்படுத்தினால்தான் உற்பத்தியாளர் தொழிற்சாலையில் தரத்தைப் பற்றி யோசிப்பார்.

மறுக்கும் உரிமை என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். நடைமுறையில் அது எவ்வளவு கடினம் என்று இந்த அவையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கையிருப்பு தீர்ந்திருக்கும். வார்டிலிருந்து தொலைபேசி வந்துகொண்டே இருக்கும். லாரி ஓட்டுநர் அவசரப்படுத்துவார். திருப்பி அனுப்பினால் ‘மருந்துத் தட்டுப்பாடு’ என்று மறுநாள் பத்திரிகையில் வரும். அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். ஏற்றுக்கொண்டால் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார். மறுப்பவருக்குத் தண்டனையும் ஏற்பவருக்கு நிம்மதியும் கிடைக்கும் ஓர் அமைப்பில் தனிமனிதரின் மனசாட்சியை மட்டும் நம்பியிருப்பது நியாயமில்லை. ஆகவே நான் கேட்பது மேலே இருப்பவர்களிடம்: சோதனை முடிவு வரும்வரை தாங்கும் அளவுக்குக் கையிருப்பு வையுங்கள். சோதனையில் தேறிய பிறகே பணம் கொடுங்கள். மறுத்துத் திருப்பி அனுப்பிய அலுவலருக்கு எழுத்தில் பாதுகாப்புக் கொடுங்கள். இம்மூன்றும் இல்லாமல் எவ்வளவு நல்ல கருவி வாங்கிக் கொடுத்தாலும் அது உறை பிரிக்காமல் கிடக்கும்.

இந்த நச்சு மருந்துச் சாவுகளெல்லாம் எங்கோ, எப்போதோ நடந்தவை என்று எண்ண வேண்டாம். 2022-இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோது உலகச் சுகாதார நிறுவனம் பெயர் சொல்லி எச்சரித்த நான்கு இருமல், சளி மருந்துகளும் இந்தியாவில் தயாரானவை. வந்த மருந்தைச் சோதிக்க அந்தச் சிறு நாட்டில் ஓர் ஆய்வகம்கூட அப்போது இல்லை. அதன் பிறகு, 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் மருந்தை அரசு ஆய்வகத்தில் சோதித்தே அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. உள்நாட்டுக் குழந்தைகளுக்கு அந்த விதி பொருந்தவில்லை. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறக்கத் தொடங்கினார்கள். 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர்கள் குடித்த இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம். வரம்பு 0.1 என்று சொன்னேன், நினைவிருக்கும். முடிவு வெளிவர ஓரிரு நாள்தான் ஆயிற்று. அவ்வளவு விரைவாகச் செய்யக்கூடிய சோதனை, மூலப்பொருள் அந்தத் தொழிற்சாலைக்குள் வந்த அன்று நடந்திருந்தால் அந்தக் குழந்தைகள் இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். தமிழ்நாட்டில் மருந்து வாங்குபவர், விற்பவர், கண்காணிப்பவர் எல்லோர் மீதும் அந்தக் குழந்தைகளின் கடன் இருக்கிறது.

உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, சோதனையில் தேறாத மருந்துகளின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. மருந்தின் பெயர், பேட்ச் எண், தயாரித்தவர், எதில் தேறவில்லை என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். யாரும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. நாளைக் காலை கிடங்கைத் திறந்ததும் இந்த மாதப் பட்டியலை எடுத்து உங்கள் அலமாரியில் இருக்கும் பேட்ச் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று பொருந்தினால், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அந்தப் பெட்டியை வழங்கலிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள். பிறகு மேலதிகாரிக்கு எழுதுங்கள்.